பெல்ட் சத்தமும் ஜெசிந்தாவின் காதும்

வீதி முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டு வந்த வாகனம், மெக்கானிக்கின் முன்னால் வந்து நின்றவுடன் வாயை மூடிக்கொள்ளும். பெல்ட் சத்தம் பிடிக்கிற வேலையில் முதல் கஷ்டம் அதுதான். ஸ்பனர் பிடித்த எல்லாருக்கும் இது தெரியும். என்னுடைய கஷ்டம் அதைவிட ஒருபடி கூட.

சண்டை முடிந்து சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலத்தில், உப்புக்குளத்தில் கொஞ்சத் தகரமும் பனங்குற்றியும் வைத்துக் கராஜ் ஒன்று தொடங்கினேன். அதே வருடம், இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த ஜெசிந்தாவைக் கலியாணம் கட்டினேன். கராஜுக்குப் பின்னால்தான் வீடு. அவள் சமைக்கிற குசினி யன்னலுக்கும் வாகனம் நிற்கிற இடத்துக்கும் இடையில் பத்தடி இருக்கும். என் நிம்மதி கெட்டது அந்தப் பத்தடியால்தான். உங்கள் தொழில் உங்களைவிட நன்றாகத் தெரிந்த ஒருவரோடு குடும்பம் நடத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

சவுக்கார வைத்தியம்

சண்டைக் காலத்தில் எங்களுக்குப் புது பெல்ட் கிடைக்காது. கீச்சிட்டால் உள்பக்கத்தில் துணி தோய்க்கிற சவுக்காரக் கட்டியைத் தேய்ப்போம். சத்தம் நிற்கும், வாகனம் போகும். பிறகு கடைகளில் புது பெல்ட்டுகள் மாலைபோலத் தொங்கத் தொடங்கிய பிறகும் என் கை சவுக்காரத்தைத்தான் தேடியது. ஒரு நாள் மீன் லொறி ஓட்டுகிற சூசை அண்ணை வந்தார். வழமைபோலத் தேய்த்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த ஜெசிந்தா கோப்பையை வைத்துவிட்டு, "இஞ்சருங்கோ, இது தொய்ஞ்ச பெல்ட். இறுக்கோணும். லைட்டைப் போட்டுப் பாருங்கோ, பாரம் கூடித் திருப்பிக் கத்தும்" என்றாள்.

கலியாணம் முடிந்து ரெண்டு மாதம்தான். வந்த ஆளுக்கு முன்னால் பெண்சாதி எனக்குத் தொழில் சொல்லித் தருவதா? "நீர் போய் அடுப்பைப் பாரும்" என்றேன். அவள் போனாள். சூசை அண்ணையும் போனார். அரை மணித்தியாலத்தில் லொறி திரும்பி வந்தது. அவர் இறங்கவில்லை. தலையை மட்டும் வெளியே நீட்டிக் கேட்டார்:

"தம்பி, உம்மட சவுக்காரம் தள்ளாடிச் சந்தி வரைக்கும்தான் வேலை செய்யுது. அந்தப் பிள்ளை என்ன சொன்னது?"

ஒரு கோப்பைத் தண்ணி

ஜெசிந்தா இதையெல்லாம் எங்கே பழகினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். கேட்டது சூசை அண்ணைதான். முகாமுக்குப் பக்கத்தில் இருந்த நூல் மில்லில் பதினொரு வருடம் வேலை செய்தாளாம். "வரிசை வரிசையா மிசின், எல்லாத்திலயும் பெல்ட்டு. அந்த இரைச்சலுக்க எது கத்துதெண்டு கண்டுபிடிக்காட்டி நூல் அறுந்திடும். பிறகு மேஸ்திரி எங்களுக்கு மேல கத்துவார்" என்று சொல்லிச் சிரித்தாள். நான் பெரிய வேலை இருக்கிறவன்போல லொறிக்குக் கீழே புகுந்துகொண்டேன்.

அடுத்த கிழமை அதே லொறி வேறுவிதமாகச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. குருவி கத்துகிற மாதிரி விட்டு விட்டுக் கேட்கிறது என்றார் சூசை அண்ணை. ஜெசிந்தா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, எட்ட நின்று, ஓடுகிற பெல்ட்டில் ஒரு கோப்பைத் தண்ணியை ஊற்றினாள். "தண்ணி பட்டுச் சத்தம் கூடினா பெல்ட் வழுக்குது. நிண்டுட்டுத் திரும்ப வந்தா கப்பி கோணல்." சத்தம் நின்றதாம், திரும்ப வந்ததாம். பெல்ட் சுற்றி ஓடுகிற கப்பிகளின் முகத்தில் இரும்பு அடிமட்டத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு கப்பி நகத்தடிப்புக்கு வெளியே தள்ளி நின்றது. பூட்டிய இடத்தில் ஒரு வாசரைக் காணவில்லை. சூசை அண்ணை குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"போன மாசம் இதைக் கழட்டிப் பூட்டினது நீர்தானே, தம்பி?"

எனக்குக் கேளாத சத்தம்

அந்த நாட்களில் ஒருவருக்கும் தெரியாமல் நான் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன். சண்டையின்போது எனக்குக் கிட்ட ஒரு ஷெல் விழுந்தது. உடம்பில் கீறல்கூட இல்லை. ஆனால் அதன் பிறகு கீச்சென்ற கூரிய சத்தங்கள் எனக்குக் கேட்பதில்லை. ஆட்கள் கதைப்பது கேட்கும், எஞ்சின் உறுமுவது கேட்கும். விசில் கேட்காது, குருவி கேட்காது, பெல்ட் கீச்சிடுவது கேட்கவே கேட்காது. சண்டைக் காலத்தில் சவுக்காரம் தேய்த்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்று முறைப்பாடு கொண்டுவர ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை, அதனால் நான் தப்பினேன். வீதிகளுக்குத் தார்க் காப்பெற் போட்டு, சனம் வானும் ஓட்டோவும் வாங்கத் தொடங்கிய பிறகுதான் எல்லாருக்கும் காது முளைத்தது. நான் வாகனக்காரரின் முகத்தைப் பார்த்தே வேலை செய்தேன். நெற்றிச் சுருக்கம் விழுந்தால் சத்தம் இருக்கிறது. விரிந்தால் நின்றுவிட்டது.

இப்படி முகம் பார்த்துப் பிழைக்கிறவனுக்குப் பின்னால், கருவாடு பொரித்துக்கொண்டே ஒருத்தி, "அது ஒல்ரனேற்றர் பக்கம்" என்று யன்னலால் சொன்னால் எப்படி இருக்கும்? நெஞ்சு பற்றி எரியும். அவளுடைய சமையலை ஊர் புகழ்ந்தபோது நானும் சேர்ந்து புகழ்ந்தவன். காதைப் புகழ்ந்தபோது என்னால் முடியவில்லை. புகை கராஜுக்கு வருகிறது என்று சாட்டுச் சொல்லி ஒரு நாள் யன்னலைச் சாத்தினேன். அவள் இருமிக்கொண்டே திறந்தாள். அந்த நேரம் பார்த்துக் கன்னியர்மடத்து வானோடு வந்திறங்கிய சிஸ்டர், நான் பொனற்றைத் திறக்கப் போனதைக் கையால் தடுத்தார்.

"தம்பி, நீங்கள் தொடங்க முதல் ஜெசிந்தாவை ஒருக்கா வரச்சொல்லுங்கோ. அவ இல்லாட்டி நான் பிறகு வாறன்."

இலுப்பைக்கடவை வீதி

ரஃபீக் புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டுச் சொந்த ஊரில் வந்து குடியேறியவர். இருந்தது ஒரேயொரு வான். காலையில் ஆசிரியர்களை இலுப்பைக்கடவைக்கு ஏற்றிப்போய் மாலையில் கூட்டிவருவார். ஒரு நாள் காலை, ஐந்து ஆசிரியர்கள் உள்ளே இருக்க, வானை என்னிடம் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு அன்று சோதனை, பிந்தக்கூடாது என்றார். பெல்ட்டில் வெடிப்பு விழுந்து கிடந்தது கண்ணுக்கே தெரிந்தது. புதியதைப் போட்டு ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். ரஃபீக்கின் நெற்றி முழுதாக விரியவில்லை. யன்னலில் இருந்து ஜெசிந்தா சத்தமாகச் சொன்னாள்: "அது பெல்ட் இல்லை. வோட்டர் பம்ப் பெயரிங். அனுப்பாதேங்கோ!"

ஐந்து ஆசிரியர்களும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. பம்ப் கப்பியைத் தாங்குகிற பெயரிங் போனதா என்று பார்க்கக் காது தேவையில்லை. எஞ்சினை நிற்பாட்டி, பம்ப் கப்பியைக் கையால் பிடித்து ஆட்டினால் போதும். என் கை அதற்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் ஆட்டவில்லை. அவள் சொன்னபடி இருந்துவிட்டால்? ஸ்பனரை எடுத்து, புது பெல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். பழுதான பெயரிங்குக்கு அதைவிடப் பெரிய கேடு இல்லை என்று தெரிந்துதான் இறுக்கினேன். சத்தம் அமுங்கியிருக்க வேண்டும், ரஃபீக்கின் நெற்றி விரிந்தது. "ஒண்டுமில்லை, போங்கோ" என்றேன்.

எட்டரைக்கு ரஃபீக்கின் போன் வந்தது. இலுப்பைக்கடவைக்குக் கிட்ட பம்ப் இறுகி, பெல்ட் கிழிந்து, எஞ்சின் கொதித்துவிட்டது. சோதனைக்குப் பிந்துமே என்று கொதித்த எஞ்சினோடு இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டியிருக்கிறார். ஆசிரியர்கள் நெல் மூட்டை ஏற்றிவந்த உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் ஏறிப் பள்ளிக்கூடம் போனார்களாம். நான் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். ஜெசிந்தா கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள். திருக்கேதீஸ்வரச் சந்தி தாண்டி இலுப்பைக்கடவை வீதியில் விரட்டினேன்.

ரஃபீக் வீதியோர நிழலில் குந்தியிருந்தார். ஏச்சு விழும் என்று தயாராகப் போனேன். அவர் ஏசவில்லை. "அண்ணன், என்ட பிள்ளையள்ட சோறு இது. அக்கா சொன்னது உங்களுக்கு விளங்கலையா?" என்றுதான் கேட்டார். ஏசியிருக்கலாம்.

"விளங்கினது ரஃபீக். அந்தச் சத்தம் எனக்குக் கேக்காது. ஷெல் விழுந்த நாளில இருந்து கேக்காது. ஆனா காரணம் அதில்லை. அவ சொன்னதாலதான் நான் கையை வச்சுப் பாக்கேல்லை" என்றேன். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "உமக்கும் சொல்லாம மறைச்சுப்போட்டன்" என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. அழவுமில்லை.

"நுளம்பு காதுக்க நிண்டு பாடினாலும் அசையாமக் கிடக்கிற மனிசன். எனக்குத் தெரியாதெண்டா நினைச்சீங்கள்? பெல்ட் கத்துறது உங்களுக்குக் கேக்காதெண்டுதானே நான் யன்னலால கத்திக் கத்திச் சொன்னனான்!"

போனைக் குடுங்கோ

எஞ்சினைக் கழற்றி, தலைப்பகுதியை வவுனியாவில் உள்ள லேத்துப் பட்டறைக்கு அனுப்பி, திரும்பப் பூட்ட மூன்று கிழமை போனது. அந்த மூன்று கிழமையும் என் மச்சானின் வானைக் கெஞ்சி வாங்கி ரஃபீக்கிடம் கொடுத்தேன். ஆசிரியர்கள் பிந்தவில்லை. ரஃபீக் இப்போதும் எங்களிடம்தான் வருகிறார். ஆனால் வானை நான் காட்டுகிற இடத்தில் நிறுத்துவதில்லை. திருப்பி, பொனற் ஜெசிந்தாவைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவார்.

அதோடு முடிந்திருந்தால் நான் திருந்திவிட்டேன் என்றே எழுதியிருப்பேன். இப்போது ஜெசிந்தா யன்னலை விட்டுக் கராஜுக்குள்ளேயே கதிரை போட்டு உட்காருகிறாள். அவள் கேட்டுச் சொல்கிறாள், நான் கழற்றிப் பூட்டுகிறேன். நல்ல ஏற்பாடுதான், நான்தான் முன்வைத்தேன். ஆனால் போன கிழமை தலைமன்னாரில் இருந்து முன்பின் தெரியாத ஒருவர் போன் எடுத்தார். என்ன வாகனம், எப்போதிருந்து சத்தம், குளிரிலா சூட்டிலா என்று நான் ஒழுங்காக ஒவ்வொன்றாய்க் கேட்டேன். அந்த மனிதர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அண்ணை, நான் போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடிக்கிறன். நீங்கள் அங்கால அக்காவிட்டக் குடுங்கோ."

அவளுடைய காதின்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் போகவில்லைதான், ஆனால் இப்போதெல்லாம் அது கராஜ் திறந்திருக்கிற நேரத்தில் மட்டுமே வருகிறது, அதாவது காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை.