அரிசி ஆலையை விட்டு வெளியே

அந்த சீசனில் என் அம்மா ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு அரிசி ஆலையை விட்டு வெளியே நடந்தாள். நாடகத்தில்தான். பொங்கல் முடிந்து முழுப் பரீட்சை வருவதற்குள் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் ஆண்டு விழா நடத்தி முடித்துவிடும். அந்த இடைவெளிதான் எங்கள் குழுவுக்கு சீசன். நாங்கள் இருளர்கள். குன்றத்தூருக்கு அப்பால் ஏரியை ஒட்டி எங்கள் குடியிருப்பு. குழு என்றால் அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, சித்தி, மேளம் அடிக்க அப்பா, கூட ஆட அக்கம்பக்கத்தார் சிலர், பிறகு ஏழு வயது நான்.

நாடகத்தைக் கட்டியவர் மாமா. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் லோடு ஏற்றி இறக்கும் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை பட்டறை பூட்டியிருக்கும்போது அதன் பின்புறத்துக் காலி இடத்தில்தான் ஒத்திகை. முதலில் எங்கள் வட்ட ஆட்டம். ஆட்டம் சூடுபிடிக்கும்போது முதலாளி வருவார். வேலை தருவதாக எல்லோரையும் ஆலைக்குக் கூட்டிப்போய்க் கதவைப் பூட்டுவார். முதலாளி வேஷம் மாமாவுக்கு. நாங்கள் தலையிலும் கையிலும் தவிட்டைப் பூசிக்கொண்டு நெல் அவிப்போம், காயவைப்போம், அடி வாங்குவோம். எனக்குக் காய்ச்சல் வரும். கடைசியில் அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “நாங்க போறோம். கதவத் தெற” என்பாள். மாமா வழி விடுவார். அவ்வளவுதான் நாடகம்.

பள்ளிக்கூடங்களுக்கு ஆட்டம் பிடித்தது, நாடகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு இடத்தில் பாம்பு கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள். இன்னொரு இடத்தில் ஒரு மிஸ் பிளாஸ்டிக் இலை கோத்த பாவாடைகளை நீட்டி, புடவை கட்டினால் பழங்குடி மாதிரியே தெரியவில்லை என்றார். புடவை கட்டிய பழங்குடி எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அம்மா அதைப் புடவை மேலேயே கட்டிக்கொண்டு ஆடினாள். திரும்பி வரும்போது குட்டியானை லோடு வண்டியில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இன்றைக்கு அந்தப் பாவாடையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா அதை ஒரு தூசியைப் போலத் தட்டிவிட்டிருந்தாள்.

அவளால் தட்டிவிட முடியாதது ஒன்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் வந்தது. பெரிய பள்ளிக்கூடம். மேடை ஓரத்தில் ஒரு அரிசி மண்டியின் பேனர் ஆள் உயரத்துக்கு நின்றது. மண்டிக்காரர்தான் அன்றைய சிறப்பு விருந்தினர். விழா தொடங்கும் முன் தாளாளர் எங்களைத் தேடி மேடைக்குப் பின்னால் வந்தார். கோபமாகப் பேசவில்லை. மாமாவின் தோளில் கைபோட்டுக்கொண்டுதான் பேசினார்.

“நல்ல ஸ்டோரிதான், இல்லன்னு சொல்லல. ஆனா சின்னப் பசங்க பாக்கறாங்க. பாசிட்டிவா முடிக்கணும். ஓனர் மனசு மாறிடறாரு, புதுப் புடவை குடுக்கறாரு, இந்தம்மா அவர் கால்ல விழுந்து தேங்க்ஸ் சொல்றாங்க. அந்த இடத்துல நம்ம சீஃப் கெஸ்ட்டே மேல வந்து புடவையக் குடுத்துடுவாரு.”

மாமா தலையாட்டினார். அதே நிர்வாகத்துக்கு இன்னும் சில பள்ளிகள் இருந்தன. அந்த வருஷத்தில் எங்களுக்குப் பாக்கியிருந்த ஆட்டமெல்லாம் அங்கேதான். தாளாளர் போன பிறகு அம்மா காலில் விழமாட்டேன் என்றாள்.

“யக்கா, நாடகம்தானக்கா. ஒரு நிமிசம் குனிஞ்சா இன்னா போய்டப் போவுது?” என்றார் மாமா.

அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அவர் ஒட்டு மீசையைச் சரிசெய்வதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா மேளத்தின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்றால் இப்போதே கிளம்பிவிடலாம் என்று சித்தி மெல்லச் சொன்னாள். அதற்குள் எங்களை மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஆட்டத்துக்குப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நெல் அவித்தோம், அடி வாங்கினோம், எனக்குக் காய்ச்சல் வந்தது. மாமா மனம் மாறினார். அதற்கென்று புதிதாய் யோசித்த வசனத்தைத் திக்கித் திக்கிச் சொன்னார். மண்டிக்காரர் வெள்ளை வேட்டியில், கையில் தட்டும் புடவையுமாகப் படியேறி வந்து அம்மாவின் எதிரே நின்றார். போட்டோ எடுப்பவர் முன்னால் வந்தார்.

அம்மா தட்டைத் தொடவில்லை. நின்றாள். தாளாளர் ஓரத்திலிருந்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, “கால்ல விழும்மா” என்றார். பொத்தியது சரியில்லை, எல்லாருக்கும் கேட்டது.

அம்மா குனிந்தாள். என்னைத் தூக்குவதற்காக. இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டிக்காரரைப் பார்த்து, “நாங்க போறோம். வழி வுடு சார்” என்றாள். அவர் தட்டோடு விலகினார். அம்மா படியிறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே நேராக நடந்தாள். நாடகம் இப்படித்தான் முடிகிறது என்று நினைத்துப் பின்வரிசைப் பிள்ளைகள் பலமாகக் கைதட்டினார்கள். வாசலைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் தாளாளரின் குரல் கேட்டது. அவர்களுக்கு மேடைப் பழக்கம் இல்லை, தவறாக நினைக்க வேண்டாம் என்று மண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த சீசனில் அத்தனை மேடை ஏறியவளுக்கு மேடைப் பழக்கம் இல்லையாம். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அது பிழைக்கத் தெரிந்த குரல், நன்றாகவே பிழைத்திருக்கும்.

மீதி ஆட்டங்கள் ரத்தாயின. மாமா பட்டறைக்குத் திரும்பினார். கோடை முழுக்க அம்மாவோடு பேசவில்லை. அடுத்த தைக்கு அவரே வந்து ஒத்திகைக்குக் கூப்பிட்டார். முடிவு பழைய முடிவுதானே என்று அம்மா கேட்டாள். அதுவேதான் என்றார். தெருமுனைகளிலும் ஒரு சர்ச் வளாகத்திலுமாக அந்த வருஷம் ஆடினோம்.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் சித்தி சொன்னாள். அந்த ஆலை மாமாவின் கற்பனை இல்லை. நான் பிறக்கும் முன் அம்மாவும் அப்பாவும் அதில் அடைபட்டுக் கிடந்தவர்கள். எனக்கு முன்னால் ஒரு அண்ணன் இருந்தான். அவனுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லி அம்மா முதலாளியின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவர் காலை உதறிக்கொண்டு போய்விட்டார். கதவு திறந்தபோது அண்ணன் உயிரோடு இல்லை. நாடகத்தில் வந்ததெல்லாம் நிஜமாகவே நடந்தது, அந்தக் கடைசிக் காட்சி ஒன்றைத் தவிர.

அன்றைக்கு இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்களுக்குப் பக்கத்தில், தவிடு அப்பிய தலையோடு அம்மா விடுவிடுவென்று நடந்தாள். ஸ்டாப்பில் நின்றவர்கள் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும், புடவை போய்விட்டதே என்று ஆத்திரமாகவும் இருந்தது. நாடகம்தான் முடிந்துவிட்டதே, இறக்கிவிடு என்றேன். அவள் இறக்கவில்லை. கை இன்னும் இறுகியது.

“கால்ல வுழறத மறந்துட்டியாம்மா?” என்று கேட்டேன்.

“இல்லடி. மறக்கல” என்றாள்.

அப்புறம் ஏன் விழவில்லை என்று வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.