கரும்பாலைப் பல்லும் செவலை மாடும்

நான் இயற்பியல் பட்டம் வாங்கி வந்த வருஷம், எங்கள் ஊர் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்று எல்லோரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நகரிக்குப் பக்கத்தில் என் அக்காள் வீட்டுக்காரர் கரும்பை வெட்டிக் குவித்திருந்தார். சீக்கிரம் ஆட்டாவிட்டால் சாறு புளித்துவிடும். ஆலை ஊருக்குப் பொது; அன்று மாமாவின் முறை.

என்னைக் காவல் வைத்துவிட்டு அவர் சாப்பிடப் போனார். செவலை மாடு ஆலையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பல்சக்கரத்தில் சக்கை சிக்கியது. மாட்டை நிறுத்திவிட்டு, இரும்பு நெளியுமே தவிர உடையாது என்ற நம்பிக்கையில் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். பல் தெறித்து விழுந்தது.

மாமா கூட்டி வந்த கொல்லர் துண்டை எடுத்துப் பார்த்தார். "இது பீடு நைனா, வார்த்த இரும்பு. எம்மாம் பாரம்னாலும் தாங்கும், அடி தாங்காது. உலையில வச்சு ஒட்டவும் முடியாது. யாரு அடிச்சது?"

"மாடுதான் வெடுக்குனு இழுத்துச்சு" என்றேன்.

மாமா சிரித்தார். "அது இன்னா பண்ணும் மச்சான், உன்ன மாதிரி படிச்ச மாடா?"

சித்தூரிலிருந்து புதுச் சக்கரம் வருவதற்குள் பாதிக் கரும்பு பாழானது. ஆலைக்கு ஆகாது என்று மாமா செவலையைத் திருத்தணிக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். பிறகு எல்லை பிரித்தார்கள். திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது. நிரபராதி நாடு கடத்தப்பட, குற்றவாளியான நான் ஆந்திராவிலேயே வாத்தியாரானேன். வார்ப்பிரும்பு அடித்தால் உடையும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதினேன். அடித்தது யார் என்பதை மட்டும் மாமா சாகும்வரை அவரிடம் சொல்லவில்லை.