சித்திரக்காரர் மாநாட்டில் சித்திரத்துக்கு இடமில்லை

தீவகத்துச் சித்திர ஆசிரியர்களையும் பொழுதுபோக்காகப் படம் வரைபவர்களையும் ஒன்றுகூட்ட, இன்று ஊர்காவற்றுறையில் ஆயத்தக் கூட்டம். யோசனை சொன்னவள், கரம்பொன்னில் சித்திரம் படிப்பிக்கும் நான்தான்.

தலைவராக வந்தவர் ஓய்வுபெற்ற அதிபர். தூரிகையைத் தொட்டே அறியாதவர். மாநாட்டு மேடையில் யாருக்கு எந்தக் கதிரை என்பதிலேயே பாதிப் பொழுது போய்விட்டது.

நெடுந்தீவுத் தபால்காரர் ஒருவர், தான் வரைந்த படங்களைச் சாக்கில் சுற்றி, வள்ளத்தில் நனையாமல் கொண்டுவந்திருந்தார்.

“படங்களை எங்கை மாட்டுறது, ஐயா?” என்று கேட்டார்.

“சுவரெல்லாம் பிரமுகர்களின்ரை போட்டோ வரும். உங்கடையை மேசையிலை அடுக்கி வையும். விருப்பமானவை பாப்பினம்” என்றார் தலைவர்.

தபால்காரர் படங்களை மறுபடி சாக்கில் சுற்றினார்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். “ரீச்சர், நீங்கள் பொம்பிளையளைச் சேர்த்து வாசலிலை கோலம் போட்டு, தேத்தண்ணியையும் பாருங்கோ.”

“ஏலாது” என்று எழுந்தேன். அவர் முகத்தில் வெட்கமில்லை. தேத்தண்ணிக்கு இனி யாரைப் பிடிப்பது என்ற கவலைதான் தெரிந்தது.

தபால்காரரும் என்னோடு வெளியே வந்தார்.

அவர்கள் கூடும் அதே நாளில், என் வீட்டு விறாந்தையில் நாங்கள் படங்களை மாட்டப் போகிறோம். ஆணி வாங்கிவிட்டேன். உங்களில் யாரிடமாவது சுத்தியல் இருக்கிறதா?