அப்பாவின் முதுகு

ஓவியக் கல்லூரி வகுப்பறைச் சுவரில் புரொஜெக்டர் காட்டிய அந்தப் படம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டியது. பாறைமேல் ஓர் இளைஞன், உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு முகம் புதைத்து உட்கார்ந்திருக்கிறான். பையன்கள் கமுக்கமாகச் சிரித்தார்கள். எனக்கோ வளைந்த முதுகின்மேல் வெளிச்சம் வழிந்து இறங்கும் அழகு பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை. அந்த ஓவியர்கள் உயிருள்ள ஆண்களை எதிரில் இருத்தி வருடக்கணக்கில் வரைந்து பழகியவர்கள் என்றார் துறைத்தலைவர். பெண்களை மட்டும் அங்கே வெகுகாலம் உள்ளே விடவில்லையாம்.

சில வாரங்களில் எங்களுக்கும் ஆளை எதிரில் உட்காரவைத்து வரையும் மாடல் வகுப்பு தொடங்கியது. அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதே துறைத்தலைவர் என்னை நூலகத்துக்குப் போகச் சொன்னார். வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால் தான் என்ன பதில் சொல்வது என்பது அவர் கவலை.

மன்னார்குடிக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொல்லி அழுதேன். அப்பா விவசாயி; படம் வரைவதைப் பற்றி ஒன்றும் அறியாதவர். கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். திங்கட்கிழமை காலை வெளுத்த சட்டையும் வேட்டியுமாக என்னோடு தஞ்சாவூர் பஸ் ஏறிவிட்டார்.

துறைத்தலைவரிடம் அப்பா குரலை உயர்த்தவில்லை. "நடவு நேரத்துல நான் கோவணத்தோடதாங்க நிக்கிறேன். ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் பார்த்துட்டுதான் இருக்காங்க. இவ பார்த்தா என்னங்க?"

ஒரு பெண்ணின் முன்னால் உட்கார மாடலாக வருகிறவர்கள் கூசுவார்கள் என்று இழுத்தார் அவர். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார். "அப்ப நானே உக்கார்றேங்க."

துறைத்தலைவர் சிரித்துவிட்டார். வேறு வழியும் அவருக்கு இல்லை. அன்று மேடைமேல் கோவணத்தோடு, படத்து இளைஞனைப் போலவே முழங்காலைக் கட்டிக்கொண்டு அப்பா உட்கார்ந்தார். கால் மரத்துப்போனபோது மட்டும் எழுந்து, வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வராததைப் பையன்களிடம் புலம்பிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். யாரும் கமுக்கமாகச் சிரிக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்து வரைந்தேன். வெயில் கருக்கிய அந்த முதுகை அதுவரை நான் சரியாகப் பார்த்ததே இல்லை.

இப்போது அதே கல்லூரியில் நான் மாடல் வகுப்பு எடுக்கிறேன். மாணவிகள் முன்வரிசைக்கு முந்திக்கொண்டு வருகிறார்கள். அப்பாவின் கதையை அவர்களுக்குச் சொல்வதுண்டு. அந்த ஆண்டின் இறுதிக் கண்காட்சிக்கு அம்மா வந்த பகுதியை மட்டும் எனக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். எண்ணெய் வண்ணத்தில் நான் முடித்திருந்த அந்தப் படத்தின் முன்னால் அம்மா வெகுநேரம் நின்றாள். திட்டப்போகிறாள் என்று அப்பாவும் நானும் பின்னால் ஒதுங்கி நின்றோம்.

"எத்தனை சனிக்கிழமை இந்த முதுகுக்கு எண்ணெய் தேச்சு விட்டிருக்கேன்," என்றாள் அம்மா. "இவ்வளவு அழகுன்னு தெரியாமப் போச்சே."

அப்பா முகமெல்லாம் சிவந்து, டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே நடந்தார்.