வெறும் வயிறு

சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. ஒடிசலான உடம்பு, மடியில் சாப்பாடு கொண்டுவந்த, திறக்காத தூக்குப்போசி. உள்ளே அவருடைய கணவருக்குச் சிறுநீரகத்தில் கட்டி. நான் டீ வாங்கி நீட்டியும் தொடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“ஏனுங்கம்மா, விரதமா?” என்றேன்.

“அவரு கிட்னியை எடுத்துப்போட்டாங்கன்னா, உடனே என்னுதைக் குடுத்தரலாமுங்க. வெறும் வயித்தோட இருந்தாத்தானுங்க அறுப்பாங்க?”

யாரும் அவரிடம் சிறுநீரகம் கேட்டிருக்கவில்லை. அவரும் அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

மதியம் டாக்டர் வந்தார். சின்னச் சின்னத் துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டதாகவும், சிறுநீரகம் அப்படியே இருப்பதாகவும் சொன்னார்.

அந்த அம்மா எழுந்து கைகூப்பினார். “அப்ப நான் சாப்பிடலாமுங்களா, சாமி?”

“தாராளமாச் சாப்பிடுங்கம்மா” என்றார் டாக்டர், எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமலே.

அது தெரிந்தவன் இன்றுவரை நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.