முதுகைத் தடவினால் கத்தும் தவளை

எனக்குப் பொறாமை அதிகம். இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மனிதர்கள் மேல் மட்டுமல்ல, ஒரு தவளை மேலும் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

ராயபுரம் பக்கம் ட்ராம் ஓடிக்கொண்டிருந்த காலம். டாக்டருக்குப் படிக்கிறவர்களின் பாடசாலை ஒன்றில் நானும் திருவொற்றியூர்க்காரன் ஒருவனும் பியூன்கள். மழை பெய்தால் கொடுங்கையூர்ப் பக்கத்து வயல்களில் தவளை பிடித்து வந்து, பானையில் ஈரத்துணி போட்டு வைத்திருப்பது எங்கள் வேலை. எனக்குத் திக்குவாய். முதல் எழுத்திலேயே மூச்சு அடைத்துக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரில் நிற்பவர் பாவம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். திருவொற்றியூர்க்காரனுக்கோ வாய் ஓயாது. வாசலில் ஆப்பம் சுட்டு விற்றவள் அவன் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஆப்பத்தையே விரலைக் காட்டி வாங்குகிறவன் கல்யாணத்தை எப்படிக் கேட்பது?

ஒருநாள் வகுப்பில் வாத்தியார் ஒரு தவளையின் முன்மூளையை நீக்கிவிட்டுப் பின்மூளையை மட்டும் விட்டுவைத்தார். பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது. ஆனால் மூச்சு ஓடியது. முதுகை விரலால் தடவினார். கத்தியது. எத்தனை முறை தடவினாலும் தப்பாமல் கத்தியது. வாயைக்கூடத் திறக்கவில்லை. மூச்சு விடுகிற வேலையையும் அந்த மூச்சைக் குரலாக்குகிற வேலையையும் பின்மூளை நரம்புகளே சேர்த்துப் பார்த்துக்கொள்கின்றன என்று பையன்களுக்குச் சொன்னார். முழுத் தவளையைத் தடவினால் கத்தினாலும் கத்தும், கத்தாமலும் இருக்கும். மேலே இருக்கிற மூளை குறுக்கே நின்று தடுக்குமாம். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அழுகை வந்தது. மூளை போன பிராணிக்கு வருகிறது, எனக்கு வரவில்லையே.

அன்று முழுக்க அதே யோசனை. என் முதுகையும் சரியான இடத்தில் தடவினால் வார்த்தை வந்துவிடும் என்று நம்பினேன். சிரிக்காதீர்கள், முழு மூளை உள்ளவன்தான் நம்பினேன். தடவ ஆள் வேண்டுமே! எனக்கு இருந்த ஒரே தோஸ்து அந்தத் திருவொற்றியூர்க்காரன்தான். ஆப்பக்காரியிடம் ஒன்று கேட்க வேண்டும், பின்னால் நின்று முதுகைத் தடவு என்று திக்கித் திணறிச் சொன்னேன். என்ன கேட்கப் போகிறேன் என்று சொல்லவில்லை. அவன் கேலி செய்யாமல் சரி என்றான். அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்கு எரிச்சல்தான்.

மறுநாள் காலை அவள் அடுப்புக்கு முன்னால் போய் நின்றோம். அவன் தடவினான். எனக்குப் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. மறுபடி தடவினான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு? நீ இன்னா கேக்க வந்தேன்னு எனக்கு மூணு மாசமா தெரியும். இன்னிக்குக் கேப்பே, நாளைக்குக் கேப்பேன்னு பார்த்துகினே இருந்தேன். போன வாரம், உன் பின்னால நிக்கிறாரே, இவரு கேட்டாரு. சரின்னுட்டேன்."

என் முதுகில் அவன் கை அப்படியே நின்றுவிட்டது.

"கையை எடுடா" என்றேன். ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை.