கோயில் ஏற்றத்தில் நின்றுபோன மூச்சு

என் நோயை முதன்முதலில் பார்த்தவர்கள் என் கல்யாணத்துக்கு வந்திருந்த அத்தனை பேரும்தான். ஆனால் அது நோய் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், பொகவந்தலாவைப் பக்கம். நாங்கள் குடியிருந்த லயங்களுக்கு மேலே, தேயிலைக்கு நடுவில் மாரியம்மன் கோயில். பெண்ணும் மாப்பிள்ளையும் தப்பு மேளச் சத்தத்தோடு அந்த ஏற்றத்தை நடந்தே ஏற வேண்டும். பாதி வழியில் என் நெஞ்சு படபடவென்று அடித்தது. காதுக்குள் இரைந்தது. கால் எழும்பவில்லை. நின்றுவிட்டேன். தப்பும் நின்றது.

"பொண்ணுக்கு வெக்கம் வந்துருச்சுடி!" என்று ஒருத்தி கத்த, கூட்டமே சிரித்தது. மூச்சு வாங்கத் தலையைக் குனிந்தேன். அதையும் வெட்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை முத்தையா என் அத்தை மகன். "மெதுவா வா புள்ள, கோயில் எங்கயும் ஓடிறாது" என்றார். அந்த ஒரு பேச்சுக்கே அவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகு களைப்பு கூடியது. வேலைக்காட்டில் ஆளுக்கொரு தேயிலை நிரை. மற்றவர்கள் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே மேலே போய்விடுவார்கள். நான் செடியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். புதுப்பெண் மயங்கினால் தோட்டத்துக்குத் தெரிந்தது ஒரே காரணம்தான். அத்தை மாங்காய் வாங்கி வந்து உப்பும் மிளகாயும் தடவித் தந்தார். நன்றாகத்தான் இருந்தது. பிள்ளை மட்டும் இல்லை.

பிறகு தோட்டத்து மருந்துக்காரர் இமையை இழுத்துப் பார்த்து, சோகை (இரத்தம் குறைந்து உடம்பு வெளுப்பது) என்றார். அது சரிதான். ஆனால் தோட்டத்தில் வெளுத்தவர்களுக்கெல்லாம் ஒரே வைத்தியம், வயிற்றுப் பூச்சி மருந்து. பூச்சி இருந்தவர்கள் தெளிந்து எழுந்தார்கள். நான் குடல் காலியாகிப் படுத்தேன்.

கண் வேறு மஞ்சளாக இருந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், என் தம்பிக்கும் அப்படித்தான். அத்தை கீழாநெல்லி அரைத்துத் தந்து, உப்பில்லாத சோறு போட்டார். இன்றைக்கும் உப்பில்லாத சோற்றை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கங்காணி ஒரு பக்கம், "வேல செய்ய வலிக்குதா ஒனக்கு?" என்பார். பதில் சொல்ல வாய் துடிக்கும். மூச்சு இருக்காது. எனக்கு அதுதான் பெரிய வேதனை. பேச்சில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்தவளில்லை.

ஒரு மழைக்காலத்தில் கூடையோடு நிரைக்குள் விழுந்தேன். முத்தையா யாரிடமும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஹட்டனுக்கும், அங்கிருந்து ரயிலில் கண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்.

அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என் விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பூதக்கண்ணாடிக் கருவியில் பார்த்தார். பிறகு வயிற்றின் இடப்பக்கத்தை அழுத்தினார். "இது பூச்சியுமில்லை, காமாலையுமில்லை. பிறக்கேக்கையே வந்தது. உங்கட அப்பாவுக்கும் கண் மஞ்சளோ?" என்று கேட்டார். செத்துப்போன என் அப்பாவை அவர் எங்கே பார்த்தார் என்று திகைத்தேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். நல்ல இரத்த அணு (இரத்தத்தில் மிதக்கும், கண்ணுக்குத் தெரியாத துணுக்கு) தட்டையாக, வளைந்து கொடுக்கும். என்னுடையது உருண்டை. மண்ணீரல் (இடது விலாவுக்கு அடியில் இருக்கும், பழைய அணுக்களைக் கழிக்கும் உறுப்பு) உருண்டையைக் கண்டால் விடாது, உடைத்துப் போட்டுவிடும். அப்படி உடைவதால் வருவதே கண் மஞ்சள். மண்ணீரலை வெட்டி எடுத்துவிட்டால் அணு உருண்டையாகவே இருக்கும், ஆனால் உடையாது. அதற்கு முன் எனக்கு இரத்தம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் கத்தி வைக்க முடியாது.

சேதி கேட்டு அத்தையும் தம்பியும் வந்து சேர்ந்தார்கள். தம்பிக்கும் இதே நோய். அவன் இரத்தம் ஆகாது என்றார்கள். பரிசோதித்ததில் பொருந்தியது முத்தையாவின் இரத்தம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்போதுதான் அத்தை எழுந்தார்.

"எம் மவன் ரத்தம் இவ ஒடம்புல ஓடுனா ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி ஆயிருவாங்களே! அப்புறம் எப்புடிய்யா ஒண்ணா குடும்பம் நடத்துறது?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அம்மா, இவ உங்கட அண்ணன்ட மகள்தானே? ஏற்கெனவே ஒரே ரத்தம்தானே?"

"அது சொந்தம் தொரை. இது மொறை."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், சாவதைவிட முறை மாறுவதற்குத்தான் நான் அதிகம் பயந்தேன். முத்தையா கெஞ்சினார், கத்தினார். அத்தை அசையவில்லை.

சாயங்காலம் வரை அத்தை என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். என் கையை எடுத்து நகங்களைப் பார்த்தார். காகிதம் போல வெளுத்திருந்தன. "எங்கண்ணனும் இப்புடித்தான்டி மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் போனான்" என்று சொல்லி, முந்தானையை வாயில் வைத்து அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "தாலியக் கழட்டு" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"அட, கழட்டு புள்ள. கழட்டிட்டா நீ வெறும் அண்ணன் மக. யாரு ரத்தம் ஏறுனா என்ன? ஒடம்பு தேறி, நீயே நடந்து அந்த ஏத்தத்த ஏறி வா. ஆத்தா முன்னாடி திரும்பக் கட்டிக்கலாம். புதுசாக் கட்டுனா புது மொறைதானே?"

தாலி அத்தையின் முந்தானை முடிச்சுக்குப் போனது. மாமியாரே மருமகளின் தாலியைக் கழற்றியதைப் பார்த்து நர்ஸ் விழித்தாள். கண்ணாடிப் போத்தலிலிருந்து முத்தையாவின் இரத்தம் என் கைக்குள் இறங்கியது. முதலில் குளிர்ந்தது. மறுநாள் விடிந்தபோது காது இரைச்சல் நின்றிருந்தது. அத்தனை வருஷமாக அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்கும் என்றே நினைத்திருந்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. காய்ச்சல் வந்தால் ஒருநாளும் அசட்டையாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மண்ணீரல் இல்லாத உடம்பு தொற்றை எதிர்ப்பதில் கொஞ்சம் பலவீனமாம். அந்தச் சொல்லை நான் மீறியதில்லை, மண்ணீரல் எடுத்தவர்கள் இதைப் படித்தால் நீங்களும் மீறாதீர்கள். தம்பியையும் பிறகு அவரிடமே அனுப்பி வைத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சட்டம் போட்டார். தாலி ஏறும் வரை முத்தையா பக்கத்துக் காம்பராவில்தான் படுக்க வேண்டும். மனுஷன் பாவம், வாசலில் நின்று, "இன்னிக்கி ஏறிப் பாப்பமா?" என்று தினமும் கேட்பார். முதலில் குழாயடி வரை நடந்தேன். பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை. உடம்பு இத்தனை நாள் எனக்கு இரவல் சாமான் மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல என் கைக்கு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அதே ஏற்றம், அதே தப்பு, அதே கூட்டம். கங்காணியும் வந்திருந்தார். முன்பு நின்ற இடம் வந்தது. அடுத்த அடியை வைத்தேன். நெஞ்சு சும்மா இருந்தது. இன்னொரு அடி. அங்கே ஒரு கொய்யா மரம் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஏறும் நேரமும் குறைந்திருந்தது. என் கணக்கில் பாதி நாள் பிடிக்கும் அந்த ஏற்றம், தப்புக்காரர் ஒரு தாளம் முடிப்பதற்குள் தீர்ந்துபோனது.

கோயில் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்த முத்தையா பாதி வழியில் இடுப்பில் கை வைத்து, தலையைக் குனிந்து நின்றுகொண்டிருந்தார். தப்பும் நின்றது.

கூட்டமே கேட்க, முழு மூச்சையும் இழுத்துக் கத்தினேன்.

"என்ன மச்சான், வெக்கமா?"